லைக்கா செத்தது வீணா? ராக்கெட்ல போன நாய், குரங்கு, பூனை பத்தி கொஞ்சம் நீளமான பதில்

கேட்ட கேள்வி இதுதான். மனுஷன் போறதுக்கு முன்னாடி நாயையும் குரங்கையும் எதுக்கு ராக்கெட்ல ஏத்துனாங்க, அதுல நெஜமாவே ஏதாச்சும் கத்துக்கிட்டாங்களா, இல்ல 1957ல சோவியத் அனுப்புன லைக்காங்கற நாய் மாதிரி எல்லாமே வெளம்பரத்துக்கு செத்ததுதானா? கூடவே இன்னொன்னு, ஒரு சிம்பன்சி விண்வெளிக்குப் போய்ட்டு வந்து பல்லெல்லாம் தெரிய சிரிக்கிற போட்டோ சுத்துதே, அது உண்மையா?

நான் கால்நடை டாக்டர். தினமும் நாய்க்கு ஊசி போட்டு, காதுல கிளிப் மாட்டி ஈசிஜி எடுக்கறது பொழப்பு, அதனால இந்த விஷயத்த ராக்கெட் பக்கத்துல இருந்து படிக்காம நாய் பக்கத்துல இருந்து படிச்சவன்னு வெச்சுக்கங்க. சுருக்கமா சொன்னா எல்லா மிருகத்தையும் ஒரே தட்டுல வெக்க முடியாது. லைக்கா பயணத்துல கத்துக்கிட்டது ரொம்ப கம்மி. ஆனா பெல்கான்னு ஒரு நாய் வாந்தி எடுத்தது விண்வெளிக்குப் போன முதல் மனுஷன் ககாரின் எத்தன சுத்து சுத்தணும்னு முடிவு பண்ணுச்சு, ஹாம்ங்கற சிம்பன்சி போன ராக்கெட் கோளாறு பண்ணதால அமெரிக்கா முதல் இடத்தையே கோட்டை விட்டுச்சு. இனி விவரமா.

முதல்ல அந்தக் காலத்து டாக்டர்களுக்கு என்ன தெரியாதுன்னு பாக்கணும். 1940கள் கடைசில எடையே இல்லாத நெலமைல ஒடம்பு என்ன பண்ணும்னு யாருக்கும் தெரியாது. எச்சில் முழுங்க முடியுமா, ரத்தம் தலைக்கு ஏறிடுமா, இதயம் தாளம் தப்பிடுமான்னு சீரியஸாவே பேசிட்டு இருந்தாங்க. விமானத்த வில்லு மாதிரி வளைச்சு ஓட்டுனா அரை நிமிஷம் மெதக்கலாம், அதுக்கு மேல பூமில இருந்துட்டே அந்த நெலமைய உண்டாக்க வழியே கெடையாது. அப்ப யாராச்சும் ஒருத்தர் மேல போய்த்தான் ஆகணும், முதல்ல எவன் போவான்?

ஈ போச்சு, சத்தியமா. 1947 பிப்ரவரி 20ஆம் தேதி நியூ மெக்சிகோவுல ஒயிட் சாண்ட்ஸ்ங்கற எடத்துல இருந்து, ஜெர்மன்காரங்க கிட்ட இருந்து புடிச்சிட்டு வந்த வி-2 ராக்கெட்ல பழ ஈக்கள வெச்சு அனுப்புனாங்க. 109 கிலோமீட்டர் உயரம். பாராசூட்ல எறங்கி உயிரோடவும் கெடச்சுச்சு. கதிர்வீச்சு மரபணுவ என்ன பண்ணுதுன்னு பாக்கத்தான் ஈ. அதுக்கப்புறம் குரங்கு, ஆல்பர்ட்னு வரிசையா பேர் வெச்சு அனுப்புனாங்க. முதல் ஆல்பர்ட் 1948 ஜூன்ல மூச்சுத் திணறியே போய்டுச்சு. ரெண்டாவது ஆல்பர்ட் 1949 ஜூன் 14ல 134 கிலோமீட்டர் வரைக்கும் போச்சு, விண்வெளிய தொட்ட முதல் குரங்கினம் அதுதான், எறங்கும்போது பாராசூட் விரியல. அடுத்தது ராக்கெட்டே வெடிச்சுது, அதுக்கடுத்தது மறுபடியும் பாராசூட். இந்த வரிசைய படிக்கும்போது எனக்கு வர்ற எரிச்சல் என்னன்னா, பாராசூட் சரியா வேல செய்யுதான்னு பாக்க ஒரு மணல் மூட்டை போதும், அதுக்கு எதுக்குய்யா உயிரு? ஆனாலும் மேல போற வரைக்கும், மெதந்த அந்த ரெண்டு மூணு நிமிஷத்துலயும் இதயம் ஒழுங்கா துடிச்சுதுன்னு ஒரு பதிவு கெடச்சுது, அது வரைக்கும் லாபம்.

சோவியத் பக்கம் விளாடிமிர் யாஸ்தோவ்ஸ்கின்னு ஒரு மிலிட்டரி டாக்டர்தான் இந்த வேலைக்கு தலைமை. அவங்க குரங்க எடுக்கல. குரங்குக்கு சட்டுனு சளி புடிக்கும், ஒரு எடத்துல ஒக்காராது, ஒட்டுன சென்சார பிச்சு எறியும். நாய் அப்படி இல்ல, அதுவும் நாய வெச்சு ஆராய்ச்சி பண்ண பாவ்லோவ்ங்கற விஞ்ஞானி காலத்துல இருந்தே ரஷ்யாவுல நாயோட ஒடம்பு பத்தி அத்தன ஆராய்ச்சி இருக்கு. எந்த நாய்ங்கறதுலதான் விஷயம். மாஸ்கோ தெருநாய். ஜாதி நாய் வேணாம்னு தெளிவா இருந்தாங்க, ஏன்னா அந்தக் குளுருலயும் பட்டினிலயும் தெருவுல பொழச்ச நாய்க்கு பாதி பயிற்சி ஏற்கனவே முடிஞ்சிடுச்சுன்னு அர்த்தம். இத நான் க்ளினிக்ல தினம் பாக்கறேன், ஏசி ரூம்ல வளந்தது ரெண்டு நாள் வயித்துப்போக்குக்கே படுத்துடும், தெருவுல திரியறது கால் ஒடஞ்சாலும் மூணு கால்ல வந்து பிஸ்கட் கேக்கும். எடை ஆறு ஏழு கிலோ, உயரம் ஒரு முழத்துக்கும் கம்மி, கேமராவுல தெரியணும்னு வெளுத்த நெறம், அப்புறம் பொட்டை நாய் மட்டும். கடைசிதுக்கு காரணம் ரொம்ப சாதாரணம், ஆண் நாய் கால தூக்கித்தான் ஒன்னுக்குப் போகும், அந்தப் பொட்டிக்குள்ள கால் தூக்க எடமில்ல. (சும்மா பத்து பதினஞ்சு நிமிஷம் மேல போய்ட்டு வர்ற பயணத்துக்கு ஆண் நாயும் போயிருக்கு, நாள்கணக்குல சுத்துற பயணத்துக்குத்தான் இந்தக் கட்டுப்பாடு.)

பயிற்சில பெரிய தலைவலி எதுன்னு நெனைக்கறீங்க? ராட்டினம் மாதிரி சுத்தி விடற மெஷினோ, ராக்கெட் சத்தமோ இல்ல. மோஷன் போறதுதான். சின்னக் கூண்டுல அடைச்சு, பின்னாடி பை கட்டி விட்டா நாய் போகவே மாட்டேங்குது. அடக்கிட்டே கெடக்குது, பேதி மருந்து குடுத்தும் பெருசா பிரயோஜனம் இல்ல. கூண்ட கொஞ்சம் கொஞ்சமா சின்னதாக்கி, நாள்கணக்குல, கடைசில இருபது நாள் வரைக்கும் உள்ளயே வெச்சுப் பழக்கித்தான் வழிக்குக் கொண்டு வந்தாங்க. நாய் வளக்கறவங்களுக்கு இது புரியும், படுக்கற எடத்த அசிங்கம் பண்ணக்கூடாதுங்கறது அதுக்கு ரத்தத்துலயே இருக்கு, அத ஒடைக்கறது லேசான காரியம் இல்ல. சாப்பாடு ஜெல்லி மாதிரி, ஏன்னா தண்ணி கிண்ணத்துல நிக்காதே, அதனால தண்ணியையும் தீனியையும் சேத்து கெட்டியாக்கிட்டாங்க. ரத்த அழுத்தம் பாக்க கழுத்து ரத்தக்குழாய ஆபரேஷன் பண்ணி தோலுக்குப் பக்கத்துல கொண்டு வந்து, அது மேல பட்டை சுத்தி அளந்தாங்க. அந்தக் காலத்து வசதிக்கு அது நல்ல கைவேலை, ஆனா நாய்க்கு வலி இருந்திருக்கும்னு சொல்லித்தான் ஆகணும்.

1951 ஜூலை 22ல தேஸிக், ட்சிகான்னு ரெண்டு நாய் கபுஸ்தின் யார் ஏவுதளத்துல இருந்து சுமார் 100 கிலோமீட்டர் போய் உயிரோட திரும்புச்சு. குரங்கு விஷயத்துல அமெரிக்காவால அது வரைக்கும் முடியாதத இவங்க முதல் தடவையே முடிச்சாங்க. ஒரே வாரத்துல தேஸிக்க லிசாங்கற நாயோட திரும்ப அனுப்புனாங்க, பாராசூட் விரியல, ரெண்டும் போச்சு. ட்சிகான இனிமே அனுப்ப வேணாம்னு பிளகோன்ராவோவ்னு ஒரு விஞ்ஞானி வீட்டுக்கே கூட்டிட்டுப் போய்ட்டார். அதே வருஷம் செப்டம்பர்ல நடந்தது இன்னும் கூத்து, பறக்க வேண்டிய நாள்ல ஒரு நாய் ஓடிப்போச்சு. என்ன பண்ணாங்க, பக்கத்துல சாப்பாட்டுக்கு சுத்திட்டிருந்த ஒரு தெருநாய புடிச்சு, கழுவி, சென்சார் மாட்டி ஏத்திட்டாங்க. அதுக்கு ஸிப்னு பேரு, ரஷ்ய மொழில 'காணாமப்போன பாபிக்குக்கு பதிலா வந்தது'ங்கறதோட சுருக்கம். ஒரு நாள் பயிற்சி கெடையாது, ஜம்முனு போய்ட்டு வந்துச்சு.

சரி லைக்கா. 1957 அக்டோபர் 4ல உலகத்தோட முதல் செயற்கைக்கோள் ஸ்புட்னிக் போனதும் உலகமே வாயப் பொளந்துச்சு. சோவியத் தலைவர் குருஷ்சேவுக்கு ருசி புடிச்சுப் போச்சு, நவம்பர் 7 ரஷ்யப் புரட்சியோட நாப்பதாவது வருஷம், அதுக்குள்ள இன்னொன்னு பெருசா வேணும்னுட்டார். கையில இருந்தது நாலு வாரம்கூட இல்ல. ராக்கெட் வடிவமைப்பாளர் கோரல்யோவ் டீம் ஒழுங்கான வரைபடம்கூட இல்லாம கட்டி முடிச்சாங்க. சுத்துப்பாதைல இருந்து ஒரு பொருள பத்திரமா கீழ கொண்டு வர்ற தொழில்நுட்பம் அப்ப யார்கிட்டயும் இல்ல. அதனால இது விபத்தே இல்ல, டிக்கெட் எடுக்கும்போதே ஒன்வே டிக்கெட். உள்ள இருந்த எல்லாருக்கும் அது தெரியும். யாஸ்தோவ்ஸ்கி ஒரு நாள் லைக்காவ வீட்டுக்கு கூட்டிட்டுப் போய் பிள்ளைங்களோட வெளையாட விட்டிருக்கார், அதுக்கு ஏதாச்சும் நல்லது பண்ணணும்னு தோணுச்சுன்னு பின்னாடி சொன்னார். அல்பினான்னு ஒரு நாய் முன்னாடியே பறந்து வந்தது, குட்டியும் போட்டிருந்துச்சு, அது மாற்று ஆளா இருந்து தப்பிச்சுது.

அக்டோபர் 31லயே லைக்காவ கேப்ஸ்யூலுக்குள்ள வெச்சுட்டாங்க. எந்திரிக்கலாம், படுக்கலாம், திரும்ப முடியாது, சங்கிலி போட்டிருக்கு. நவம்பர் 3 காலைல ஏவுனாங்க. இப்ப எண்கள கவனிங்க. ஏவுறதுக்கு முன்னாடி நாடித்துடிப்பு நிமிஷத்துக்கு 103, அந்த சைஸ் நாய்க்கு அது சாதாரணம்தான். ராக்கெட் வேகம் எடுக்கும்போது 240. எடையில்லாத நெலமைக்கு வந்ததும் மெதுவா எறங்க ஆரம்பிச்சுது, ஆனா பூமில சுத்தி விட்டுப் பாத்தப்ப ஆன நேரத்தவிட மூணு மடங்கு ஆச்சு. அவ்வளவு பயம். ஆனாலும் எறங்குச்சு, கொஞ்சம் தீனியும் சாப்ட்டுச்சு. மணிக்கணக்குல மெதந்தாலும் இதயம் நிக்காதுங்கறது அன்னிக்குத்தான் முதல்முறையா தெரிஞ்சுது, அது வரைக்கும் நிமிஷக்கணக்குல மட்டும்தான் தெரியும். அந்த ஒன்ன லைக்கா கணக்குல எழுதியே ஆகணும்.

அப்புறம் சூடு. வெப்பத்த தடுக்கற போர்வை கிழிஞ்சு போச்சு, செயற்கைக்கோளும் ராக்கெட்டோட கடைசிப் பகுதில ஒட்டிட்டேதான் சுத்துச்சு, உள்ள 40 டிகிரிக்கு ஏறிடுச்சு. 40 டிகிரியா, எங்க வேலூர்ல தெருநாய் எல்லாம் 42லயே படுத்து தூங்குதேன்னு யாராச்சும் கேப்பீங்க. நாய்க்கு நம்ம மாதிரி ஒடம்பெல்லாம் வேக்காது, நாக்க தொங்கப்போட்டு மூச்சு வாங்கி, அந்த ஈரம் ஆவியாகித்தான் ஒடம்பு குளுரும். அடைச்ச பொட்டிக்குள்ள அது வாங்கற மூச்சே காத்த ஈரமாக்கிடும், ஈரக் காத்துல எச்சில் ஆவியாகாது, ஆக எவ்வளவு வேகமா மூச்சு வாங்குனாலும் பலன் இல்ல. இதுல இன்னொரு கொடும, எடையில்லாத எடத்துல சூடான காத்து மேல எழும்பாது, ஒடம்ப சுத்தியே நிக்கும், ஃபேன் தள்ளுனாத்தான் நகரும். நம்ம ஊர்ல சித்திரை மாசம் கண்ணாடி ஏத்துன காருக்குள்ள நாய விட்டுட்டு கடைக்குப் போய்ட்டு வந்து, கைல தூக்கிட்டு அழுதுட்டே ஓடி வர்றவங்கள வருஷா வருஷம் பாக்கறேன். அதே சாவுதான். அஞ்சுல இருந்து ஏழு மணி நேரத்துக்குள்ள, நாலாவது சுத்துல, சிக்னல்ல உயிர் அடையாளம் நின்னு போச்சு.

ஆனா உலகத்துக்கு சொன்னது வேற. பல நாள் நல்லா இருந்துச்சு, ஆக்ஸிஜன் தீர்றதுக்கு முன்னாடி வலியில்லாம தூங்க வெச்சுட்டோம்னு ஒரு கதை ஓடிட்டே இருந்துச்சு. உண்மை வெளிய வந்தது 2002ல, ஹூஸ்டன்ல நடந்த விண்வெளி மாநாட்டுல மலாஷென்கோவ்னு ஒரு ரஷ்ய விஞ்ஞானி சொன்னப்பதான், நாப்பத்தஞ்சு வருஷம் கழிச்சு. லைக்கா போன ஸ்புட்னிக் 2 அந்த ஒடம்போடயே சுத்திட்டு 1958 ஏப்ரல் 14ல எரிஞ்சு விழுந்துச்சு. லைக்காவ தயார் பண்ணவங்கள்ல ஒருத்தர் ஒலெக் கசென்கோ, 1998ல அவரே சொல்லிட்டார், நாள் ஆக ஆக வருத்தம் அதிகமாகுது, அந்த சாவ நியாயப்படுத்துற அளவுக்கு அதுல நாங்க எதுவும் கத்துக்கலன்னு. செஞ்சவரே சொன்னதுக்கு அப்புறம் நான் தனியா தீர்ப்பு சொல்ல என்ன இருக்கு. ஆனா ஒன்னு, தப்பு நாய அனுப்புனதுல மட்டும் இல்ல, அந்த தேதில இருக்கு. இன்னும் ஆறு மாசம் குடுத்திருந்தா சூடாவது சரியாகியிருக்கும், டேட்டாவும் ஏழு மணி நேரத்துக்கு பதிலா ஏழு நாள் கெடச்சிருக்கும்.

இதுக்கு நேர் எதிர் 1960 ஆகஸ்ட் 19. பெல்கா, ஸ்ட்ரெல்கா. கூடவே ஒரு முயல், எலி, சுண்டெலி, ஈ, செடின்னு ஒரு குட்டி நோவா கப்பல். இது பின்னாடி ககாரின் போன வோஸ்டாக்கோட முன்மாதிரி கப்பல், திரும்ப வர்ற மாதிரி கட்டுனது. இதுக்கு மூணு வாரம் முன்னாடி ஜூலை 28ல சைகா, லிசிச்கான்னு ரெண்டு நாய் ராக்கெட் வெடிச்சுப் போய்ச் சேந்துச்சு, அதுல லிசிச்கா கோரல்யோவோட செல்லம். பெல்காவும் ஸ்ட்ரெல்காவும் ஒரு நாளுக்கு மேல சுத்திட்டு உயிரோட எறங்குச்சு, சுத்துப்பாதைக்குப் போய் பத்திரமா திரும்புன முதல் நாய்ங்க. கேமராவுல பாத்தா முதல்ல செத்த மாதிரி அசையாம கெடந்துச்சாம், நாலாவது சுத்துல பெல்கா துள்ளி, கொலைச்சு, வாந்தி எடுத்துச்சு. முதல் தடவ கார்ல ஏத்துன நாய்க்குட்டி பின் சீட்டுல பண்ற அதே வேலை, காதுக்குள்ள இருக்கற பேலன்ஸ் உறுப்பு கொழம்பிப்போச்சு. இத பாத்துட்டுத்தான் டாக்டர்கள் முதல் மனுஷன் ஒரே ஒரு சுத்து சுத்துனா போதும்னு பிடிவாதமா நின்னாங்க. 1961 ஏப்ரல் 12ல ககாரின் ஒரு சுத்தோட, 108 நிமிஷத்துல எறங்குனதுக்குப் பின்னாடி பெல்காவோட வாந்தி இருக்கு. அந்த டாக்டர்கள் பயந்தது சரிதான், ஆகஸ்ட்ல அடுத்த சோவியத் வீரர் தீத்தோவ் ஒரு நாள் பூரா சுத்தப் போனார், அவரும் வாந்தி எடுத்தார்.

ஸ்ட்ரெல்கா அப்புறம் ஆறு குட்டி போட்டுச்சு, அதுல புஷின்காங்கறத குருஷ்சேவ் அமெரிக்க அதிபர் கென்னடி பொண்ணுக்கு பரிசா அனுப்பி, வெள்ளை மாளிகைல உளவுக் கருவி ஏதும் வெச்சிருக்கான்னு அத செக் பண்ணித்தான் உள்ள விட்டாங்க. அந்தக் கதை எல்லாருக்கும் தெரியும், விட்டுடலாம்.

எல்லாருக்கும் தெரியாதது 1960 டிசம்பர் 22. தாம்கா, க்ராசாவ்கான்னு ரெண்டு நாய். மூணாவது அடுக்கு பாதில நின்னு போய், கேப்ஸ்யூல் சுத்துப்பாதைக்கே போகாம சைபீரியாவுல துங்குஸ்கா ஆத்துப் பக்கம் பனிக்காட்டுல விழுந்துச்சு. எதிரி கையில சிக்கிடக் கூடாதுன்னு உள்ள ஒரு வெடி, 60 மணி நேரத்துல தானா வெடிக்கற டைமரோட. வெளிய மைனஸ் 45 டிகிரி. நாய்ங்கள தனியா தூக்கி எறிய வேண்டிய எஜெக்ஷன் வேல செய்யல, அதுவே நல்லதா போச்சு, போர்வை போட்ட மாதிரி கேப்ஸ்யூலுக்குள்ளயே கெடந்துச்சுங்க. தேடிப்போன குழு முதல்ல தட்டிப்பாத்தப்ப உள்ள சத்தமே இல்ல, இருட்டிடுச்சு. அடுத்த நாள் தொறக்கும்போது கொலைக்கற சத்தம். எலிங்க வெறைச்சுக் கெடந்துச்சு, நாய் ரெண்டும் உயிரோட. வெடியும் வெடிக்கல. ஆட்டுத்தோல் கோட்டுக்குள்ள சுத்தி தூக்கிட்டுப் போனாங்க. க்ராசாவ்காவ கசென்கோ தன் வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் வளத்தார், பதினாலு வருஷம் இருந்துச்சு. அதே மேல சொன்ன கசென்கோதான்.

இப்ப அமெரிக்கா. 1959 மே 28ல ஏபிள், பேக்கர்னு ரெண்டு குரங்கு ஜூபிடர் ஏவுகணையோட மூக்குல ஒக்காந்து 480 கிலோமீட்டர் உயரம் போய்ட்டு உயிரோட கடல்ல எறங்குச்சு. இதுல நம்ம நாட்டு சம்பந்தம் ஒன்னு உண்டு. அப்ப அமெரிக்க லேப்கள்ல இருந்த ரீசஸ் குரங்கு பெரும்பாலும் இந்தியாவுல இருந்து விமானத்துல போனது, போலியோ தடுப்பூசிக்காக கூட்டம் கூட்டமா அனுப்புனாங்க. (நம்ம பக்கம் கோயில் வாசல்ல தேங்கா பிடுங்கறது வேற இனம், ரீசஸ் வடக்க இருக்கறது.) இந்தப் பயணத்துக்கும் இந்தியக் குரங்கத்தான் தயார் பண்ணாங்க, ஆனா அனுமன்னு கும்பிடற ஊர்க்காரங்க மனசு புண்பட்டா அரசியல் ஆகிடும்னு மேல இருந்து உத்தரவு வந்து, அமெரிக்காவுலயே கான்சாஸ்ல பொறந்த ஏபிள மாத்தி வெச்சாங்க. பாவம் ஏபிள், ராக்கெட் ஒன்னும் பண்ணல, நாலு நாள் கழிச்சு ஒடம்புல வெச்ச எலக்ட்ரோட எடுக்கறப்ப மயக்க மருந்துல போய்ச் சேந்துச்சு. மயக்க மருந்து குடுக்கற ஒவ்வொரு தடவையும் எனக்கு கொஞ்சம் அடிவயிறு கலங்கும், அதனால இத கிண்டல் பண்ண மாட்டேன். பேக்கர் கைக்குள்ள அடங்கற அணில் குரங்கு, அது 1984 வரைக்கும் வாழ்ந்து, ஹன்ட்ஸ்வில்ல அத பொதச்ச எடத்துல இன்னிக்கும் ஜனங்க வாழைப்பழம் வெச்சுட்டுப் போறாங்க.

ஹாம் விஷயம் வேற தரம். கேமரூன் காட்டுல புடிச்சு, ஃப்ளோரிடா வழியா ஹாலமன் விமானப்படைத் தளத்துக்கு வந்த சிம்பன்சி. பறக்கும்போது அதுக்குப் பேரே இல்ல, நம்பர் 65. செத்துப்போனா பேப்பர்ல பேரோட வந்து மக்கள் மனசு கஷ்டப்படும்னு, திரும்பி வந்த பிறகுதான் ஹாம்னு பேர் போட்டாங்க. இதுக்கு முன்னாடி எல்லாம் மிருகம் சும்மா மூட்டை மாதிரிதான் போச்சு, ஹாம் வேலை செய்யணும். நீல வெளக்கு எரிஞ்சா அஞ்சு செகண்டுக்குள்ள லீவர இழுக்கணும், இழுத்தா வாழைப்பழ வாசன மாத்திரை, இழுக்காட்டி உள்ளங்கால்ல ஷாக். எதுக்குன்னா, மேல போன ஆளு மூளை கொழம்பாம சுவிட்ச் போடுவானா மாட்டானாங்கற கேள்விக்கு நாடித்துடிப்பு மட்டும் பாத்தா பதில் கெடைக்காது.

1961 ஜனவரி 31. எஞ்சினுக்கு எரிபொருள் அளவுக்கு மேல பாய்ஞ்சு, சீக்கிரம் தீந்து, ஏதோ ஆபத்துன்னு தப்பிக்கறதுக்கான ராக்கெட் தானா எரிஞ்சு கேப்ஸ்யூல இன்னும் வேகமா இழுத்துட்டுப் போச்சு. திட்டம் போட்டது 185 கிலோமீட்டர் உயரம், போனது 253. உள்ள காத்தழுத்தம் எறங்கிடுச்சு, ஹாமோட தனிப்பொட்டி மூடியிருந்ததால தப்பிச்சுது. திரும்பி வர்றப்ப அதோட எடை மாதிரி பதினாலு மடங்குக்கு மேல அழுத்துச்சு. கடல்ல விழுந்து கேப்ஸ்யூல் ஓட்டையாகி தண்ணி வேற ஏறிடுச்சு, ஹெலிகாப்டர் வந்து தூக்கறதுக்குள்ள முழுகாம இருந்தது அதிர்ஷ்டம். இத்தனைக்கு நடுவுலயும் லீவர் வேலைய கிட்டத்தட்ட தரைல பண்ண வேகத்துலயே பண்ணியிருக்கு. மனுஷன் கப்பல ஓட்ட முடியும்ங்கறதுக்கு கெடச்ச முதல் நேரடி சாட்சி அதுதான். ஆனா ராக்கெட் ஒழுங்கா நடந்துக்கலயேன்னு அமெரிக்க ராக்கெட் வடிவமைப்பாளர் வான் பிரவுன் இன்னொரு காலி ராக்கெட் விட்டுப் பாத்தே ஆகணும்னார், மார்ச் 24ல விட்டாங்க. அந்த நேரத்துல அமெரிக்க விண்வெளி வீரர் ஷெப்பர்ட் போயிருந்தா விண்வெளிக்குப் போன முதல் மனுஷன் அமெரிக்கன். ஷெப்பர்ட் போனது மே 5, ககாரினுக்கு 23 நாள் கழிச்சு.

போட்டோவுக்கு வரேன். போட்டோ நெஜம்தான், சிரிப்புதான் பொய். சிம்பன்சிங்களோடயே வாழ்ந்து ஆராய்ச்சி பண்ண ஜேன் குட்டால் அந்தப் படத்த பாத்துட்டு, இவ்வளவு உச்சமான பயத்த ஒரு சிம்பன்சி முகத்துல தான் பாத்ததே இல்லன்னாங்க. ரெண்டு வரிசைப் பல்லும் தெரியற மாதிரி ஒதட்ட இழுக்கறது சிம்பன்சிக்கு பயம். அப்புறம் பத்திரிகைக்காரங்க அந்த சீட்டுல மறுபடியும் ஒக்கார வெச்சு படம் எடுக்கணும்னு கேட்டப்ப, பெரிய பெரிய ஆளுங்க சேந்து புடிச்சும் ஹாம் ஒக்கார மறுத்துடுச்சு. அது குடுத்த பேட்டின்னு அதத்தான் எடுத்துக்கணும். 1963ல இருந்து வாஷிங்டன் மிருகக்காட்சி சாலைல பதினேழு வருஷம் தனியாவே இருந்துட்டு, கடைசி ரெண்டு மூணு வருஷம் வட கரோலினாவுல மத்த சிம்பன்சிங்க கூட இருந்து 1983ல செத்துச்சு.

ஹாம் போன அதே 1961 நவம்பர்ல ஈனோஸ்னு இன்னொரு சிம்பன்சி பூமிய ரெண்டு சுத்து சுத்துச்சு, அதுல ஒரு லீவர் கெட்டுப்போய் சரியா இழுத்தாலும் ஷாக் அடிச்சுட்டே இருந்துச்சு. ஷாக் அடிக்க அடிக்க அது சரியான பதிலையே திரும்பத் திரும்ப போட்டுட்டு இருந்தது. மூணு மாசத்துல ஜான் க்ளென்ங்கற அமெரிக்க வீரரே பூமிய சுத்தப் போய்ட்டார்.

பிரான்ஸ்காரன் பூனைய அனுப்புனான். 1963 அக்டோபர் 18, அல்ஜீரியாவுல ஹம்மாகிர், வெரோனிக் ராக்கெட். பதினாலு பூனைக்கு பயிற்சி குடுத்து, அதுல ஒன்ன எடுத்து, மூளைலயே எலக்ட்ரோட் வெச்சு 150 கிலோமீட்டருக்கு மேல அனுப்பி உயிரோட எறக்குனாங்க. இதுக்கும் நம்பர்தான், பேர் அப்புறம்தான் வந்துச்சு, ஃபெலிசெட். ரெண்டு மாசத்துல மூளைய அறுத்துப் பாக்கறதுக்காக அத கொன்னாங்க. என்னக் கேட்டா மொத்த வரிசைலயும் ரொம்ப மோசமானது லைக்கா இல்ல, இதுதான்னு சொல்லுவேன். அதுக்குள்ள ககாரின், தீத்தோவ், க்ளென், தெரஷ்கோவான்னு மனுஷங்களே மேல போய், நாள்கணக்குல இருந்து, வந்து வாயத் தொறந்து எப்படி இருந்துச்சுன்னு சொல்லிட்டாங்க. அப்பறமும் ஒரு பூனைய அஞ்சு நிமிஷம் மெதக்க விட்டு என்ன தெரியப்போகுது? ஸ்ட்ராஸ்பூர்க் பக்கத்துல 2019ல ஜனங்களே காசு போட்டு அதுக்கு செல வெச்சாங்க, அது வரைக்கும் பேர்கூட பல எடத்துல தப்பா, ஆண் பூனை ஃபெலிக்ஸ்னுதான் இருந்துச்சு.

மனுஷன் போன பிறகும் அர்த்தத்தோட அனுப்புனது உண்டு. 1966 பிப்ரவரி 22ல வெத்தெரோக், உகல்யோக்னு ரெண்டு நாய் காஸ்மோஸ் 110ல 22 நாள் சுத்துச்சு, அது வரைக்கும் எந்த மனுஷனும் அவ்வளவு நாள் இருந்ததில்ல. எறங்குனப்ப நிக்கவே முடியல, தசை வத்தி, எலும்புல சுண்ணாம்பு கொறைஞ்சு போயிருந்துச்சு. இன்னிக்கு விண்வெளி நெலையத்துல இருக்கறவங்க தினமும் ரெண்டு மணி நேரம் எக்சர்சைஸ் பண்றாங்களே, அந்தப் பிரச்சன எவ்வளவு பெருசுன்னு முதல்ல ஒடம்புல காட்டுனது இந்த ரெண்டும்தான்.

கடைசியா, நீங்க கேக்காத ஒன்னு. நிலாவ சுத்திட்டு உயிரோட பூமிக்கு வந்த முதல் ஜீவன் ஆர்ம்ஸ்ட்ராங்கும் இல்ல, அப்போலோ 8 ஆளுங்களும் இல்ல. ரெண்டு ஆமை. 1968 செப்டம்பர்ல சோவியத் சோண்ட் 5, அப்போலோ 8க்கு மூணு மாசம் முன்னாடி. நிலாவுக்கு 1,950 கிலோமீட்டர் பக்கத்துல போய் வளைஞ்சு, திரும்பி வர்றப்ப திசை காட்டுற சென்சார் மக்கர் பண்ணி, கஜகஸ்தான்ல எறங்க வேண்டியது செப்டம்பர் 21ல இந்தியப் பெருங்கடல்ல வந்து விழுந்துச்சு. சோவியத் கப்பல் ஒன்னு தூக்கி பம்பாய்க்கு கொண்டு வந்து, அங்க இருந்து சரக்கு விமானத்துல மாஸ்கோ போச்சு. ஏவுறதுக்கு பல நாள் முன்னாடியே தீனிய நிறுத்திட்டாங்க, ஆமை பட்டினி தாங்கும்னுதான் அத தேர்ந்தெடுத்ததே. எடை பத்து சதவீதம் கொறைஞ்சிருந்துச்சு, ஆனா சாப்பாடு வெச்சதும் நல்லாவே சாப்ட்டுச்சாம்.